மாஸ்டரின் கழுத்தில் அடித்த நரம்பு

நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஸ்கேன் பிரிவில் இரண்டு காரணங்களுக்காக என்னைக் கூப்பிடுவார்கள். ஒன்று, யாருக்காவது பிறந்தநாள் கேக். மற்றது, யாருக்காவது பிரியாவிடைக் கேக். டென்மார்க்கில் கேக் வெட்டாமல் ஒரு கிழமை கடந்துபோனால் தொழிற்சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இருக்கிறதோ என்பது என் நெடுநாள் சந்தேகம். கடைசியாகப் போனபோது கேக் வெட்டியது ஒரு மெஷினுக்காக. புதிதாக வந்த அல்ட்ராசவுண்ட் மெஷின் அது. கழுத்தில் கருவியை வைத்தவுடனேயே இது நாடி, இது நாளம் என்று திரையில் தானாகவே எழுதிக் காட்டுகிறது.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு போவது நாடி, திருப்பிக் கொண்டு வருவது நாளம். மெஷின் எழுதிக் காட்டாத காலத்தில் நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இளையவர்கள் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள், ஏதோ நான் மாட்டு வண்டியில் வேலைக்கு வந்தவள் மாதிரி. கருவியால் சற்று அழுத்தினால் நாளம் நசுங்கும், நாடி நசுங்காது, அவ்வளவுதான் என்றேன். பதில் முடிந்துவிட்டது, கையில் கோப்பி முடியவில்லை. அதனால் மிருதங்க மாஸ்டரின் கதையைச் சொன்னேன்.

கேட்டவர்களில் தர்சிகா என்று ஒரு தமிழ்ப்பிள்ளை இருந்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அன்ரி, இதைத் தமிழிலை எழுதுங்கோ. என்ர அம்மாவும் எல்லாத்துக்கும் நரம்பு எண்டுதான் சொல்லுறவ" என்றாள். மாஸ்டரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றி எழுது, ஆனால் மிருதங்கத்தை மாற்றித் தவில் ஆக்கிவிடாதே என்றார். ஆகவே இங்கே அவர் பெயர் தவராசா மாஸ்டர். மிருதங்கம் மிருதங்கம்தான்.

என்னைப் பற்றி நாலு வரி போதும். யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்தேன். அகதியாக வந்து ஸ்கீவயில் குடியேறி டேனிஷ் படித்தேன், அதாவது பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லப் பழகினேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்தபடியே எக்ஸ்ரே படிப்பை முடித்து, வைலேப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அல்ட்ராசவுண்டுக்கு மாறினேன். உடற்கூற்றுப் பாடம் எனக்குப் பயம் தரவில்லை. பெயர்கள் எல்லாம் லத்தீனில் இருந்தன. லத்தீன் எனக்கு எவ்வளவு அந்நியமோ வகுப்பில் இருந்த டேனிஷ்காரருக்கும் அவ்வளவு அந்நியம். எல்லாரும் சமமாக முழித்த ஒரே பாடம் அது.

எங்கள் பிரிவின் தலைமை வைத்தியர் இங்கர். முதல் நாள் அவரை "டொக்டர்" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துத் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தேடினார். இங்கே பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் பெயர்தான், எல்லாரும் நீதான். என் வாய்க்கு அது வர வருடக் கணக்காகியது. அதுவரை அவரைக் கூப்பிட வேண்டி வந்தால் போய் முன்னால் நின்று இருமுவேன். எனக்கு ஆஸ்துமா இருக்கிறது என்று அவர் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்.

நெடிய மனுஷி. விடுமுறை நாட்களில் வைலே ஃபியோர்டு என்ற கடற்கழியில் படகு வலிப்பவர், அதனால் தோள் இரண்டும் கதவு அளவு. ஸ்கேன் பார்க்கும்போது வாய்க்குள்ளே ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். பாட்டு ஓடினால் எல்லாம் நலம். பாட்டு நின்றால் அறையில் மூச்சு விடுகிறவர் எல்லாரும் நிறுத்திவிடுவோம். நோயாளியின் முன்னால் "சுவாரசியமாக இருக்கிறது" என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்பது அவர் விதி. வைத்தியருக்குச் சுவாரசியமான உடம்பு, உடம்புக்காரருக்குத் துன்பம் என்பார். ஜெல் போத்தலை எப்போதும் வெந்நீரில் வைத்திருக்கச் சொல்வார். குளிர்ந்த ஜெல்லைக் கழுத்தில் போட்டால் ஆள் தோளை உயர்த்துவான், தோளை உயர்த்தினால் கழுத்து போச்சு.

அவர் அதிகம் சொல்கிற சொல் "நோ". டேனிஷில் அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. நீட்டிச் சொன்னால் அப்படியா என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் போதும், அடுத்த வேலையைப் பார். மேலே ஏற்றிச் சொன்னால் நீ சொல்வதை நான் நம்பவில்லை. இவ்வளவையும் நான் ஒருவாறு பிடித்துக்கொண்டேன். ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு நோ என்றால் வலி. இது பின்னால் ஒரு கூத்துக்குக் காரணமானது.

கழுத்தின் முன்பக்கத்து நாடிகளை யாரும் பார்த்துவிடலாம். பின்பக்கத்து நாடிகள்தான் தொல்லை பிடித்தவை. கழுத்தெலும்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துவாரம் உண்டு. அந்தத் துவாரங்களின் ஊடாக ஒன்றுக்கு மேல் ஒன்றாக நுழைந்து நாடி மூளைக்கு ஏறுகிறது. அது தனியாகவும் போவதில்லை. அதைச் சுற்றி மெல்லிய நாளங்கள் பின்னிக்கொண்டு கூடவே வருகின்றன, பந்தல் கம்பத்தில் சுற்றிய கொடி மாதிரி. அல்ட்ராசவுண்ட் எலும்பைத் துளைக்காது. ஆகவே தலையணையை எடுத்துவிட்டு, நாடியை மற்றப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லி...

இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். முகத்தின் கீழே இருக்கிற நாடியும் நாடிதான் தமிழில். "நாடியைத் திருப்புங்கோ" என்று நான் சொன்னால் தமிழ் நோயாளிகள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். எங்கள் மொழியை வைத்துக்கொண்டு மருத்துவம் செய்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும். சரி, முகவாயைத் திருப்பச் சொல்லி, கருவியை நெடுக்காக வைத்து வெளிப்பக்கம் சரித்தால், எலும்பின் கறுப்பு நிழல்களுக்கு இடையில் நாடி துண்டு துண்டாக எட்டிப் பார்க்கும். சுற்றியுள்ள நாளங்கள் பெரும்பாலும் கண்ணில் படாது. பட்டாலும் சத்தமில்லாமல் கிடக்கும். ஒழுங்கான நாளப் பின்னல் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தவராசா மாஸ்டர் எங்களிடம் வந்தது தலைச்சுற்றுக்காக, முன்கழுத்து நாடியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க. வாரநாட்களில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் எஸ்பியர்க்கில் மிருதங்க வகுப்பு. மனைவி ராணி அக்கா கூட வந்து, கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி இருந்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று மாஸ்டர் எப்போதும் மறுத்துவிடுவாராம். முப்பது வருடமாக டேனிஷ் கதைக்கிற எனக்கு எதற்கு என்பது அவர் கட்சி. அதில்தான் வினை வந்தது.

ஒரு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இடது காதின் பின்னால் ஒரு சத்தம் தொடங்கியிருக்கிறது. ஹூஷ், ஹூஷ் என்று துடித்துத் துடித்து, விடாமல். குடும்ப வைத்தியரிடம் போய், கழுத்தில் நரம்பு அடிக்கிறது என்பதை நல்ல டேனிஷில் சொல்லியிருக்கிறார். நரம்புக்கு டேனிஷில் "நேர்வ". அகராதியில் பார்த்தால் சரிதான். நரம்பு என்றால் நரம்பு வைத்தியர். அவர் கையிலும் கழுத்திலும் ஊசி ஏற்றி மின்சாரம் விட்டுப் பார்த்தார். கழுத்தெலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு நரம்பும் நசுங்கவில்லை, எல்லாம் இளைஞனுடையது போல இருக்கின்றன என்று வாழ்த்தி அனுப்பினார்.

மாஸ்டர் திரும்பவும் போய், நரம்பு இன்னும் அடிக்கிறது, படுத்தாலும் அடிக்கிறது என்றார். டேனிஷில் ஓயாமல் நரம்பைப் பற்றிச் சொல்கிறவன் மனப்பதற்றக்காரன். வீட்டில் ஏதும் கவலை உண்டா என்று கேட்டார்கள். மகளின் அரங்கேற்றம் வருகிறது என்று இவரும் வெள்ளை மனதாகச் சொன்னார். அரங்கேற்றம் என்றால் என்ன என்று கேட்டு, அதற்கு மண்டபம், அறுநூறு பேருக்குச் சாப்பாடு, நகை, மேக்கப் என்று விளக்கம் கேட்ட எந்த டேனிஷ்காரரும் அடுத்துச் செய்யக்கூடியதைத்தான் அவர்களும் செய்தார்கள். உளவியலாளரிடம் அனுப்பினார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கு விசரோ தங்கச்சி?" என்று மாஸ்டர் என்னிடம் கேட்டார். "அந்த உளவியல்காரி மெழுகுதிரியைக் கொளுத்தி வைச்சிட்டு மூச்சை இழுத்து விடச் சொல்லுறா. அந்தச் சத்தத்தோட சிநேகிதமா இருக்கட்டாம். நானும் ஒரு வருசமாச் சிநேகிதமாத்தான் இருக்கிறன். அவன் தாளம் பிழைக்கிறானே."

அங்கேதான் அவருடைய உண்மையான வலி இருந்தது. மகள் தாரணிக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்த பிள்ளை, அப்பா தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். ஒத்திகையில் அப்பாவின் வாசிப்பு தாளத்தை விட்டு முன்னால் ஓடுகிறது என்றாள். மாஸ்டர் வாசிக்க வாசிக்க இதயம் வேகம் பிடிக்கும். காதுக்குள் ஹூஷும் வேகம் பிடிக்கும். கை அதன் பின்னாலேயே போகும். கை ஓடினால் இதயம் இன்னும் ஓடும். ஆனால் மாஸ்டருக்கு அது தெரியவில்லை. பிள்ளை காலை இழுக்கிறாள், தாளத்துக்குப் பிந்துகிறாள் என்று அவர் சபையில் வைத்தே ஏசியிருக்கிறார். பிள்ளை சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டாள். அப்பா வாசித்தால் நான் ஆடமாட்டேன், பதிவுசெய்த இசைக்கு ஆடுகிறேன் என்பது அவள் முடிவு. மிருதங்க மாஸ்டரின் மகள் அரங்கேற்றத்தில் மிருதங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ராணி அக்கா அதைச் சொல்லும்போது கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்பனும் மகளும் கதைத்து மாதக் கணக்காகிறதாம்.

முன்கழுத்து நாடிகள் சுத்தமாக இருந்தன. அத்தோடு என் வேலை முடிந்தது. துடைக்கக் கடதாசி கொடுக்கப் போனபோது மாஸ்டர் காதின் பின்னால் விரலை வைத்து, "இந்த நரம்புதான் தங்கச்சி, இஞ்சை பாருங்கோ, இப்பவும் அடிக்குது" என்றார்.

டேனிஷில் கேட்டிருந்தால் நானும் தலையாட்டிவிட்டு அனுப்பியிருப்பேன். தமிழில் கேட்டதால் எனக்கு எங்கள் வீடுகளில் நடக்கிற பேச்சு நினைவுக்கு வந்தது. இரத்தம் எடுக்கப் போய் வந்தால் நரம்பு கிடைக்கவில்லை என்போம். கையில் நீலமாகப் புடைத்து நிற்பதை நரம்பு என்போம். நாளம் என்ற சொல்லைப் பரீட்சைத் தாளுக்கு வெளியே எந்தத் தமிழர் வாயிலும் நான் கேட்டதில்லை. நரம்பு துடிக்காது. துடிப்பது இரத்தக் குழாய். இந்த மனுஷன் ஒரு வருடமாக இரத்தக் குழாயைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

திரும்பப் படுக்கச் சொல்லிக் கருவியைப் பின்பக்கம் சரித்தேன். எலும்பு நிழல்களுக்கு நடுவில் நாடி தெரிந்தது. அதைச் சுற்றிச் சத்தமில்லாமல் கிடக்க வேண்டிய நாளப் பின்னல் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை எல்லாம் ஒன்றாகக் கொதித்தன. மெஷினின் அளவை நான் பிழையாக வைத்துவிட்டேன் என்று நினைத்துத் திருகினேன். குறையவில்லை. மெஷினை நிறுத்திப் போட்டேன். அப்படியே இருந்தது. வெளியே போய் இங்கரின் முன்னால் நின்று இருமினேன்.

இங்கர் வந்து உட்கார்ந்தார். கையைக் கழுவி, கருவியை முதலில் தன் கழுத்திலேயே வைத்து மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், அது அவர் வழக்கம். பிறகு மாஸ்டரின் கழுத்தில் வைத்தார். பாட்டு தொடங்கியது. கொஞ்சம் மேலே ஏற்றினார். பாட்டு நின்றது.

"நோ" என்றார், நீட்டி.

"இல்லை, நோ இல்லை" என்றார் மாஸ்டர் தமிழில். பிறகு என்னைப் பார்த்து, டொக்டருக்குத் தமிழ் தெரியுமோ என்று மெதுவாகக் கேட்டார். இங்கர் இன்னொரு "நோ" சொன்னார், இந்த முறை ஏற்றி. நோகவில்லை என்றுதானே சொல்கிறேன் என்று மாஸ்டர் அவருக்குக் கொஞ்சம் கோபமாகவே விளக்கினார். ராணி அக்கா குறுக்கிட்டு, நோகுது என்று சொல்லுங்கோ, அப்பத்தான் கவனிப்பினம் என்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கர் என்னிடம், அவருக்குக் கேட்கிற சத்தத்தைக் கட்டிலில் விரலால் தட்டிக் காட்டச் சொல் என்றார். வாழ்நாள் முழுக்கத் தட்டிக் காட்டியே பிழைக்கிற ஆளிடம் இதைச் சொல்ல வேண்டுமா. மாஸ்டர் கண்ணை மூடித் தட்டத் தொடங்கினார். இங்கர் கருவியை அந்த இடத்திலேயே பிடித்தபடி, மற்றக் கையால் மெஷினின் ஒலியைத் திறந்துவிட்டார். அறை முழுக்கக் கேட்டது. ஹூஷ், ஹூஷ், ஹூஷ். மாஸ்டரின் விரலும் அதுவும் ஒரே இடத்தில் விழுந்தன, ஒரு இழை பிசகவில்லை.

மாஸ்டரின் விரல் நின்றது. சத்தம் நிற்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து ராணி அக்காவைப் பார்த்தார்.

"உனக்கும் கேக்குதோ?"

"ஓம் அப்பா, கேக்குது."

அந்த மனுஷன் அழுதார். ஒரு வருடமாகத் தனக்குள் மட்டும் ஓடிய சத்தத்தை இன்னொருவர் கேட்கிறார் என்றால் யாருக்குத்தான் தாங்கும். இங்கர் கழுத்திலிருந்து கருவியை எடுக்காமல் காத்திருந்தார், ஒலியையும் குறைக்கவில்லை.

பிறகு விளக்கினார். நாடியில் எங்கோ ஓர் ஓட்டை, அதைச் சுற்றியிருக்கிற நாளப் பின்னலுக்குள் நேராகத் திறக்கிறது. மூளைக்கு ஏற வேண்டிய இரத்தம் குறுக்கு வழியில் நாளத்துக்குள் பாய்கிறது, அந்தப் பாய்ச்சல்தான் சத்தம். சிலருக்கு அடி பட்டு வரும், சிலருக்குத் தானாகவே வரும். பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி உள்ளேயிருந்து அடைத்துவிடலாம். ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் விடுவது அதைவிட ஆபத்து என்றார். அப்போதுதான் ராணி அக்கா, வரும் சனிக்கிழமை ஸ்கீவயில் கழுத்தைத் திருகிச் சொடக்கு முறிக்கிற ஒருவரிடம் போக ஒழுங்கு செய்திருப்பதைச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அத்தனை வருடத்தில் இங்கர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்தக் கழுத்தில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்றார். மாஸ்டர் உடனே கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு இங்கர் என்னிடம், அவர் ஏன் நேர்வ என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்டார். எங்கள் பேச்சில் நரம்பு, நாளம், வீணைத் தந்தி எல்லாம் ஒரே சொல் என்றேன். அப்படியென்றால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றார். தொட்டுக் காட்டுவோம் என்றேன். அவர், தங்கள் மொழியிலும் இரத்தக் குழாய்க்கும் படகுத் துடுப்புக்கும் "ஓர" என்று ஒரே சொல்தான், ஆகவே என்னைப் பார்த்துச் சிரிக்கத் தன்னால் முடியாது என்றார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். மூன்று மாதம் கழித்து, அரங்கேற்றத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, மாஸ்டர் என்னிடம் மறுபரிசோதனைக்கு வந்தார். இந்த முறை ராணி அக்கா வரவில்லை. சத்தம் நின்றுவிட்டது தங்கச்சி, ஆனால் மிருதங்கத்தைத் தொடப் பயமாக இருக்கிறது என்றார். மகள் ஸ்பீக்கருக்கே ஒத்திகை பார்த்து முடித்துவிட்டாளாம்.

ஜெல்லைப் போட்டேன். எலும்பு நிழல்களுக்கு நடுவில் நாடி ஒழுங்காக ஏறியது. சுற்றியிருந்த நாளங்கள் அடங்கி, தேடினாலும் தெரியாமல் கிடந்தன. பார்த்து முடித்துவிட்டு, கேட்க விருப்பமா என்றேன். தலையாட்டினார். ஒலியைத் திறந்தேன். சாதாரண நாடித் துடிப்பு, தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டரின் விரல்கள் கட்டிலில் ஆதி தாளம் போடத் தொடங்கின, அவர் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. நாடி ஒரு நடையில் போனது, விரல் வேறொரு நடையில் போனது. இரண்டும் ஒட்டவேயில்லை. விரலின் வேகம் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம், ஒவ்வொரு சுற்றிலும், மாறாமல் நின்றது. மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப அந்தச் சத்தத்துக்குப் பின்னாலை ஓடினது நான்" என்றார். "பிள்ளை நேராத்தான் ஆடியிருக்கிறாள்."

அவர் ஜெல் வழிகிற கழுத்தோடு சட்டைப்பையில் போனைத் தேடி எடுத்து, அதில் ஜெல் படாமல் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். மகள் எடுத்தாள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். யாழ்ப்பாணத்து அப்பா ஒருவர் பிள்ளையிடம் தன் பிழையை ஒப்புக்கொள்கிற வசனத்தைத் தமிழில் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை, அவருக்கும் தமிழில் வரவில்லை. நீ சொன்னதுதான் சரி, நான்தான் பிழை என்று டேனிஷில் சொன்னார்.

பிறகு, அப்பாவுக்கு எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் கேட்டாள்.

"அப்பா, உங்கட கழுத்துக்குள்ள என்ன செய்துபோட்டினம்?"